கார் கண்ணாடியில் கீறலா? டூத்பேஸ்ட்டைத் தேடாதீங்க... முதல்ல நகத்தை வெச்சுப் பாருங்க!

வண்டி வாசல் - வாராவாரம் கார், பைக் பராமரிப்பு

இரவு எட்டு மணி. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. லேசான தூறல். எதிரே வரும் பேருந்து ஹை பீமைக் குறைக்காமலே வருகிறது. அந்த வெளிச்சம் உங்கள் காரின் முன்கண்ணாடியில் பட்டதும், மெல்லிய வளைகோடுகள் பளபளவென மின்னுகின்றன. இரண்டு மூன்று விநாடிகளுக்குச் சாலையே சரியாகத் தெரிவதில்லை. ஓரமாக சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் எங்கே என்று தேடுவதற்குள் பேருந்து கடந்துவிடுகிறது.

மணிக்கு 60 கி.மீ வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகரும். மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். அவ்வளவு தூரத்தை அரைகுறைப் பார்வையோடு கடந்திருக்கிறோம்!

அதே கண்ணாடியைப் பகலில் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். லேசான கீறல்களின் குணமே அதுதான். வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. இரவில், மழையில், எதிர் வெளிச்சத்தில் மட்டும் வேலையைக் காட்டும். அதுவும் ஒரே நாளில் விழுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால், தினமும் ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. "வயசாச்சு, ராத்திரியில கண்ணு சரியா தெரியல" என்று சொல்லும் அப்பாக்களில் சிலருக்கு, பாதிப் பிரச்னை கண்ணில் இல்லை. கார் கண்ணாடியில் இருக்கிறது!

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது. எந்தக் கீறலை விட்டுவிடலாம், எதை பாலிஷ் செய்யலாம், எப்போது கண்ணாடியையே மாற்ற வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், அது கீறல்தானா?

கீறல் என்று நாம் நினைக்கும் பல கோடுகள் உண்மையில் கீறலே அல்ல. மூன்று 'போலிகள்' இருக்கின்றன.

உப்புக் கறை: போர்வெல் தண்ணீரில் கார் கழுவும் வீடுகளில் இது சகஜம். தண்ணீர் காய்ந்ததும் அதிலிருக்கும் கால்சியம் கண்ணாடியில் வெள்ளை வட்டங்களாகவும் கோடுகளாகவும் படிந்துவிடும். குளியலறைக் குழாயில் படியுமே, அதே உப்புதான்.

ரப்பர் தடம்: வெயிலில் காய்ந்த வைப்பர் ரப்பர், கண்ணாடியில் கருப்பாகவோ மங்கலாகவோ கோடு இழுத்துவிடும்.

எண்ணெய்ப் படலம்: முன்னால் போகும் வண்டிகளின் புகை, சாலையிலிருந்து தெறிக்கும் அழுக்கு, பாலிஷ் கடைகளில் போடும் மெழுகு எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகும். வைப்பர் போட்டால் கண்ணாடி முழுக்க இழுவிவிடும்.

இவற்றைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். நிழலில் காரை நிறுத்தி, நிறைய தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். கார் ஷாம்பூ போட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். வெள்ளைப் படிவம் மிச்சம் இருந்தால், வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து துணியில் நனைத்து, சில நிமிடங்கள் அந்த இடத்தில் வைத்துத் துடையுங்கள். பெயின்ட்டில் வழியாமல் பார்த்துக்கொண்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். இவ்வளவு செய்த பிறகும் கோடு அப்படியே இருந்தால், அது கீறல்தான்.

நகம் சொல்லும் தீர்ப்பு

இனி ஓர் எளிய பரிசோதனை. காய்ந்த கண்ணாடியில், கீறலுக்குக் குறுக்காக உங்கள் விரல் நகத்தை மெதுவாக நகர்த்துங்கள்.

நகம் தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா? மேலோட்டமான கீறல். பாலிஷில் போக வாய்ப்பு உண்டு. பார்வையை மறைக்காவிட்டால் அப்படியே விட்டும்விடலாம்.

நகம் லேசாக உரசுகிறது, ஆனால் மாட்டவில்லையா? நடுத்தரக் கீறல். அனுபவமுள்ள கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். முழுதாகப் போகாது; மங்க வைக்கலாம்.

நகம் கீறலில் மாட்டி நிற்கிறதா? ஆழமான கீறல். இதை பாலிஷ் செய்யப் போனால் கீறலைவிடப் பெரிய பிரச்னை வரும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, கீறல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே, சாலையை எந்த இடத்தின் வழியாகப் பார்க்கிறீர்களோ அதுதான் முக்கியம். பக்கத்து இருக்கைக்கு முன்னால், கண்ணாடியின் அடி ஓரத்தில் இருக்கும் கீறலுக்கு அவ்வளவு கவலை தேவையில்லை.

கீறல் வேறு, விரிசல் வேறு, கல் பட்ட சில்லு வேறு என்பதும் நினைவிருக்கட்டும். லாரி டயரிலிருந்து தெறித்த கல் பட்டு சிறு பள்ளமோ நட்சத்திரம் மாதிரியான விரிசலோ விழுந்திருந்தால், அதற்கு பாலிஷ் வைத்தியம் கிடையாது. ரெசின் என்ற பிசினைப் பள்ளத்துக்குள் செலுத்தி அடைக்க வேண்டும். கடைக்குப் போகும்வரை தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் மேலே ஒரு செலோ டேப் ஒட்டிவையுங்கள். தள்ளிப்போட்டால் ஏ.சி குளிருக்கும் வெளி வெயிலுக்கும் நடுவில் விரிசல் நீண்டுகொண்டே போகும்.

கண்ணாடியைக் கீறுவது யார்?

பெரும்பாலும் நாம்தான்!

தாதுக்களின் கடினத்தன்மையை அளக்க 'மோஸ்' அளவுகோல் என்று ஒன்று உண்டு. விரலால் பொடிக்கக்கூடிய டால்க் 1. வைரம் 10. கண்ணாடி சுமார் 5.5. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது, சாலைப் புழுதியில் இருக்கும் ஒவ்வொரு மணல் துகளும் உங்கள் கார் கண்ணாடியைவிடக் கடினமானது. அது சும்மா கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தால் ஆபத்தில்லை. அதன் மேல் நாம் எதையாவது வைத்துத் தேய்த்தால்தான் கீறல்.

தேய்க்கும் சந்தர்ப்பங்கள் நம் ஊரில் நிறைய.

காய்ந்த கண்ணாடியில் வைப்பர்: ஆடிக்காற்றில் ஒரு வாரம் வெளியில் நின்ற காரை எடுக்கிறோம். கண்ணாடி முழுக்க மண். உடனே வைப்பரைத் தட்டுகிறோம். தண்ணீரில்லாமல் ஓடும் வைப்பர், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். வில் போல வளைந்த கோடுகள் உங்கள் கண்ணாடியில் இருந்தால், அவை வைப்பரின் கைவேலைதான்.

தேய்ந்த ரப்பர்: நம் வெயிலில் வைப்பர் ரப்பர் சீக்கிரமே விறைத்து, ஓரம் பிய்ந்துவிடும். ரப்பர் முழுதாகக் கழன்றால் உள்ளே இருக்கும் உலோகப் பகுதி நேரடியாகக் கண்ணாடியில் உரசும். ஒரே மழையில் ஆழமான கீறல் விழ இதுவே போதும்.

ஒரே வாளி, ஒரே துணி: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் கார் துடைப்பவரைக் கவனியுங்கள். ஒரு வாளி தண்ணீர், ஒரு துணி, பத்து கார். ஐந்தாவது காருக்கு வரும்போது தண்ணீர் காபி நிறத்தில் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு காருக்குச் சில நிமிடங்கள்தான். நம் காருக்கென்று தனியாக இரண்டு துணி வாங்கிக் கொடுத்து, "அண்ணே, முதல்ல ஒரு மக் தண்ணி ஊத்திட்டு அப்புறம் துடைங்க" என்று சொன்னாலே பாதிக் கீறல் குறையும்.

பூஜைப் பொட்டு: ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாகிவிடும். சிலர் அதைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் சுரண்டுவார்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தால் தானாகவே ஊறி வந்துவிடும். சாமி கும்பிட்டதும் கண்ணாடியை விட்டு, பானெட்டில் பொட்டு வைப்பது இன்னும் நல்லது.

ஃபாஸ்டேக்: பழைய டேக்கை எடுக்க உள்பக்கத்திலிருந்து பிளேடு போட்டுச் சுரண்டுவது வழக்கமாகிவிட்டது. பிளேடுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால் மெதுவாக நெம்பி எடுங்கள். மிச்சமுள்ள பசையைச் சில சொட்டு தேங்காய் எண்ணெய் வைத்து ஊறவிட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள்.

டூத்பேஸ்ட், நெயில் பாலிஷ், ரப்பிங் காம்பவுண்டு... வேலை செய்யுமா?

செல்போனில் தேடினால் முதலில் வருவது டூத்பேஸ்ட் வைத்தியம்தான். மேலே சொன்ன மோஸ் அளவுகோலை வைத்தே இதற்குப் பதில் சொல்லிவிடலாம். பற்பசைகளில் தேய்ப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று கால்சியம் கார்பனேட். அதன் கடினத்தன்மை 3. கண்ணாடியோ 5.5. தன்னைவிட இவ்வளவு கடினமான ஒன்றை அது எப்படித் தேய்க்கும்?

"நான் போட்டேன், போயிடுச்சே" என்பவர்களும் இருக்கிறார்கள். போனது கீறலாக இருக்காது. உப்புக் கறையாகவோ எண்ணெய்ப் படலமாகவோ இருந்திருக்கும். அல்லது பேஸ்ட் கீறலுக்குள் அடைத்துக்கொண்டு தற்காலிகமாக மறைத்திருக்கும். அடுத்த மழையில் கீறல் திரும்பி வந்துவிடும்.

நிறமில்லாத நெயில் பாலிஷைக் கீறலில் பூசுவது இன்னொரு யோசனை. கீறல் ஒரு மெல்லிய கோடு. நெயில் பாலிஷ் அதைத் தடிமனான கோடாக்கும். வெளிச்சத்தை அது வேறு மாதிரி வளைக்கும். வெயிலில் மஞ்சளாகி உரியும்.

பெயின்ட் கீறலுக்குப் பயன்படுத்தும் ரப்பிங் காம்பவுண்டும் இங்கே எடுபடாது. காரின் பெயின்ட் மேல் கிளியர் கோட் என்ற மென்மையான பூச்சு இருக்கிறது. காம்பவுண்டு அந்தப் பூச்சைச் சமப்படுத்தித்தான் கீறலை மறைக்கிறது. கண்ணாடிக்கு அப்படி ஒரு பூச்சு கிடையாது.

அப்படியானால் எது வேலை செய்யும்?

செரியம் ஆக்ஸைடு. மூக்குக்கண்ணாடி லென்ஸ், கேமரா லென்ஸ், முகம் பார்க்கும் கண்ணாடி போன்றவற்றைப் பளபளப்பாக்கத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் பொடி இது. வெளிர் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு கலந்த நிறத்தில் இருக்கும். தண்ணீரோடு சேரும்போது இது கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிவினை புரிந்து, மிக மிக மெல்லிய அடுக்கை மென்மையாக்கி எடுக்கிறது. உரசல் பாதி, வேதியியல் பாதி. கண்ணாடிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஃபெல்ட் எனப்படும் கம்பளி வட்டு சேர்த்து செட்டாகவும் விற்கிறார்கள்.

நகம் மாட்டாத கீறலுக்கு மட்டும், கீழே உள்ள முறையில் செய்யலாம்.

1. காரை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடி குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் தொடவே கூடாது.

2. கண்ணாடியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். ஒரு மணல் துகள் மிச்சமிருந்தாலும் பாலிஷ் செய்யும்போது புதுக் கீறல் விழும்.

3. வெளிப்பக்கம் கீறல் இருந்தால், உள்பக்கத்திலிருந்து அந்த இடத்தைச் சுற்றி மார்க்கரால் அடையாளம் போடுங்கள். பொடி பூசியதும் கீறல் எங்கே இருந்தது என்றே தெரியாது.

4. சுற்றியுள்ள ரப்பர், பெயின்ட் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பாலும் பிளாஸ்டிக் ஷீட்டாலும் மூடுங்கள். காய்ந்த பொடி இடுக்குகளில் போனால் எடுப்பது கஷ்டம்.

5. முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பொடியைத் தண்ணீரில் கெட்டி மோர் பதத்துக்குக் கரையுங்கள்.

6. ஃபெல்ட் வட்டை டிரில் அல்லது பாலிஷ் மெஷினில் பொருத்தி, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல், கீறலைச் சுற்றிலும் சற்று அகலமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் லேசாகப் போதும்.

7. எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும்.

8. துடைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்தில் இருக்கும் ஒரு விளக்குக் கம்பத்தையோ கேட் கம்பியையோ அந்த இடத்தின் வழியாகப் பாருங்கள். தலையைப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். நேர்க்கோடு நெளிவது போலத் தெரிந்தால், அந்த நொடியே வேலையை நிறுத்திவிடுங்கள்.

இந்த எட்டாவது படிதான் மிக முக்கியம். கீறலை யாராலும் 'அழிக்க' முடியாது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கண்ணாடியைத் தேய்த்து இறக்குகிறோம். மேலோட்டமான கீறலில் இந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலில் அதே வேலையைச் செய்தால், அங்கே ஒரு குழி விழும். குழி விழுந்த கண்ணாடி, லென்ஸ் மாதிரி வேலை செய்யும். எதிரே வரும் வண்டி அந்த இடத்தில் நெளிந்து தெரியும். நேராகத் தெரியும் சாலையில் ஒரு கோடு இருப்பதைவிட, நெளிந்து தெரியும் சாலை பல மடங்கு ஆபத்து. ஆழமான கீறலை பாலிஷ் செய்யக் கூடாது என்று சொன்னது இதனால்தான்.

மெஷின் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் ஓட்டுநர் பார்வைக்கு நேரான இடத்தில் சோதனை முயற்சி செய்ய வேண்டாம். அந்த இடத்துக்குக் கண்ணாடி பாலிஷ் செய்து அனுபவமுள்ளவரிடம் போவதே சரி. போகும்போது, "டிஸ்டார்ஷன் வராம பண்ணித் தர முடியுமாண்ணே?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் வராது" என்று பார்க்காமலே சொல்பவரைவிட, நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு "இது போகாதும்மா" என்று சொல்பவரை நம்பலாம்.

இங்கெல்லாம் பாலிஷ் கூடாது!

விரிசல் அல்லது சில்லு இருக்கும் கண்ணாடி, ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, சென்சார் இருக்கும் பகுதி, ஹெட்-அப் டிஸ்ப்ளே தெரியும் பகுதி, பின்கண்ணாடியின் உள்பக்கம். பின்கண்ணாடியில் பனியைப் போக்க மெல்லிய மின்கோடுகள் ஒட்டப்பட்டிருக்கும். தேய்த்தால் அவை அறுந்துவிடும்.

பக்கக் கண்ணாடிகளில் மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள் தெரிந்தால், ஜன்னல் ரப்பர் இடுக்கில் மண் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் அந்த இடுக்கை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கண்ணாடியை இறக்கும்போதும் கோடு கூடிக்கொண்டே போகும்.

கண்ணாடியை எப்போது மாற்ற வேண்டும்?

ஓட்டுநர் பார்வைக்கு நேராக நகம் மாட்டும் கீறல் இருந்தால், அல்லது இரவில் எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம் போலத் தெரிந்தால், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

முன்கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பி.வி.பி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. உடைந்தாலும் துண்டுகள் அந்தப் படலத்தோடு ஒட்டி நிற்கும், முகத்தில் சிதறாது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும், பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது அதற்கு முட்டுக்கொடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. அதனால் மாற்றும்போது இவற்றைக் கவனியுங்கள்.

* கண்ணாடியின் ஓரத்தில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி முன்கண்ணாடி லேமினேட்டட் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். குறைந்தது 70 சதவிகித வெளிச்சம் அதன் வழியே ஊடுருவ வேண்டும்.

* ஒட்டும் பசை காய எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டு, அதற்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். முதல் ஓரிரு நாள்கள் பிரஷர் வாஷ் வேண்டாம். கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் கூடி, காயாத பசையை அது தள்ளும். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருங்கள்.

* கண்ணாடியில் கேமரா உள்ள அடாஸ் வசதி கார் என்றால், மாற்றிய பிறகு கேமராவை காலிபரேட் செய்ய வேண்டும். பில் போடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

* பழைய ஃபாஸ்டேக்கை உரித்துப் புதுக் கண்ணாடியில் ஒட்ட முடியாது, உரித்தால் செயலிழந்துவிடும். டேக் கொடுத்த வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

வைப்பரால் நாளடைவில் விழுந்த கீறலுக்குக் கிடைக்காது. அது தேய்மானக் கணக்கில் வரும். பாலிசியில் தேய்மானத்துக்கு இடமில்லை. கல் பட்டோ விபத்திலோ கண்ணாடி உடைந்தால், விரிவான பாலிசி வைத்திருப்பவர்கள் க்ளெய்ம் செய்யலாம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகையைப் பிடிப்பதுபோல, கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை என்பது நல்ல செய்தி.

ஆனால், இரண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தனியார் கார்களுக்குக் கட்டாயக் கழிவுத் தொகை உண்டு: 1500 சி.சி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். அதோடு, க்ளெய்ம் செய்தால் 'நோ க்ளெய்ம் போனஸ்' போகலாம். ஐந்து வருடம் க்ளெய்ம் செய்யாதவர்களுக்கு அந்தத் தள்ளுபடி, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை இருக்கும். கண்ணாடியின் விலையையும், இழக்கப்போகும் தள்ளுபடியையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வராமல் தடுக்க 6 பழக்கங்கள்

1. வைப்பரைத் தட்டும் முன் வாஷர் தண்ணீரை அடியுங்கள். முதலில் தண்ணீர், பிறகு வைப்பர்.

2. வாஷர் டேங்கில் போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து நாசில் அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ தண்ணீரும் வாஷர் திரவமும் கலந்து ஊற்றுங்கள்.

3. வாரம் ஒருமுறை வைப்பரைத் தூக்கி, ரப்பரின் ஓரத்தை ஈரத்துணியால் துடையுங்கள். துணியில் வரும் கருப்பு அழுக்கைப் பார்த்தால் நீங்களே ஆச்சர்யப்படுவீர்கள். திரும்ப வைக்கும்போது கையால் பிடித்து மெதுவாக இறக்குங்கள். 'பட்'டென்று விட்டால் கண்ணாடி விரிசல் விடலாம்.

4. வருடத்துக்கு ஒருமுறையாவது, பருவமழைக்கு முன் வைப்பர் பிளேடை மாற்றுங்கள். எப்போதும் வெயிலில் நிற்கும் காராக இருந்தால் இன்னும் சீக்கிரம். 'கறக் கறக்' சத்தமோ, துடைத்த இடத்தில் தண்ணீர்க் கோடோ வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ஒரு ஜோடி பிளேடு சில நூறு ரூபாய். கண்ணாடி பல ஆயிரம்.

5. கண்ணாடிக்கென்று தனித் துணி வையுங்கள். சக்கரம் துடைத்த துணி கண்ணாடிப் பக்கமே வரக் கூடாது. கீழே விழுந்த துணியை அலசாமல் தொடாதீர்கள்.

6. சிக்னலில் யாராவது காய்ந்த துணியால் கண்ணாடி துடைக்க வந்தால், அன்பாக மறுத்துவிடுங்கள்.

கொசுறு

வைப்பருக்கு அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண் காப்புரிமை பெற்ற ஆண்டு 1903. ஓட்டுநர் உள்ளிருந்து கையால் ஒரு நெம்புகோலை இழுத்து இயக்கும் கருவி அது. பிரெஞ்சு வேதியியலாளர் எட்வார்ட் பெனடிக்டஸின் ஆய்வகத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தும் சிதறாமல் இருந்ததாகவும், உள்ளே படிந்திருந்த பிளாஸ்டிக் போன்ற படலமே காரணம் என்று அவர் கண்டதாகவும் சொல்வார்கள். அதுவும் 1903-ல்தானாம்! லேமினேட்டட் கண்ணாடிக்கு அவர் காப்புரிமை பெற்றது 1909-ல்.

இன்று இரவே செய்ய வேண்டியது

இருட்டியதும் காரை ஒரு தெருவிளக்கைப் பார்த்தபடி நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியின் வழியாக விளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டமாக மின்னுகின்றனவா? அவைதான் பகலில் ஒளிந்திருந்த கீறல்கள். உங்கள் காருக்குப் பிறகு அப்பா, மாமா, சித்தப்பா ஓட்டும் காரிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். கண்ணில் புரை தொடங்கும் வயதில் இருப்பவர்களுக்கு எதிர் வெளிச்சம் ஏற்கெனவே கூசும். கீறலும் சேர்ந்தால் கூச்சம் இரட்டிப்பாகும். "ராத்திரியில ஓட்டாதீங்கப்பா" என்று சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு ஜோடி வைப்பர் பிளேடு வாங்கி மாட்டிக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. கண் மருத்துவரிடம் ஒரு செக்கப்புக்கும் அழைத்துப் போங்கள்.

அடுத்த வாரம்: மழையில் கார் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிவது ஏன்? ஏ.சியை எப்படி வைக்க வேண்டும்?